இறந்தவர் போட்ட கையெழுத்து! பழைய சொகுசு கார் வாங்கப் போன குன்னூர் மாமாவுக்கு வந்த சோதனை

(நமது நிருபர்)

குன்னூர்: வெள்ளி நிறம். கண்ணாடி மாதிரி பளபளப்பு. உள்ளே தோல் சீட். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுவது போல் "டொப்" என்று ஒரே சத்தம்.

ஜெர்மன் கம்பெனியின் சொகுசு கார் அது. இன்றைக்குப் புதுசாக எடுத்தால் அரைக் கோடி ரூபாயைத் தொடும். 12 வருடம் ஓடிவிட்டதால் விலை 7 லட்சம்தான்!

இந்தக் காரைப் பார்த்து மயங்கியவர் வேறு யாரும் அல்ல. என் சொந்தத் தாய்மாமன்.

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் 34 வருடம் கிளார்க்காக வேலை பார்த்து ரிடையர் ஆனவர். கையில் பி.எப். பணம் இருந்தது.

"ஆயுசு பூரா பஸ்சிலே நின்னுக்கிட்டே போயாச்சு மாப்ளே. இனிமேலாவது உட்கார்ந்து போகலாமுன்னு பார்க்கிறேன்" என்றார்.

ஆசை தப்பே இல்லை. ஆனால் அந்தக் கார் கொஞ்சம் தவறியிருந்தால் அவரைக் கோர்ட்டுப் படியில் உட்கார வைத்திருக்கும். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மேட்டில் ஏறிய வண்டி

மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு ஆட்டோ கன்சல்டிங். அதன் வாசலில் கார் நின்றது. மாமா எனக்குச் சொல்லாமலே 10 ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து வைத்திருந்தார்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். 20 வருடமாக மலை வண்டிகளைப் பார்த்தே தலை நரைத்தவர்.

"ரோட்டிலே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார். வெண்ணெய் மாதிரி போகும்" என்றார் புரோக்கர்.

"சமவெளியிலே எந்த வண்டியும் வெண்ணெய்தாங்க. பர்லியார் வரைக்கும் ஏத்திப் பார்த்துடலாம்" என்றார் மெக்கானிக். புரோக்கர் முகம் சுருங்கியது.

கல்லாரில் இ-பாஸ் கேட்டார்கள். "நான் குன்னூர்க்காரனுங்க" என்றார் மாமா. "ஆனா வண்டி கோவை நம்பராச்சே சார்" என்று பதில் வந்தது. செல்போனில் பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூர் 1,850 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் ஊட்டி உயரத்தில் தன் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். டர்போ உள்ள வண்டி அந்த அளவுக்குத் தளராது. கீழே "பிக்கப் பிரமாதம்" என்று வாங்கிய பழைய வண்டி, மேலே போனதும் மூச்சு வாங்குவது இதனால்தான்.

இந்தக் காரில் டர்போ இருந்தது. இழுவையில் குறை இல்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோது, தானாகக் கியர் மாறும் வண்டி "திடுக் திடுக்" என்று உதறியது.

"இந்த மாதிரி கியர் பாக்சிலே உள்ளே ரெண்டு கிளட்ச் இருக்குதுங்க. மேட்டிலே ஊர்ந்து ஊர்ந்து போனா சூடேறிப் போகும். இதைப் பிரிச்சு வேலை பார்த்தா, ஒரு நல்ல மொபெட் விலை ஆகும், பாகம் மாத்தணுமுன்னா இன்னும் மேலே போகும்" என்றார் மெக்கானிக்.

சொகுசு காரின் ரகசியமே இதுதான். வயதாக ஆக வண்டியின் விலை இறங்கும். உதிரி பாகத்தின் விலை இறங்காது. வண்டி சின்னக் கார் விலைக்குக் கிடைக்கலாம். அதன் ஹெட்லைட்டு பெரிய கார் விலையில்தான் கிடைக்கும்.

இறக்கத்தில் தெரிந்த உண்மை

திரும்பி இறங்கும்போது மெக்கானிக் அடிக்கடி பிரேக் பிடித்துப் பார்த்தார். நாலாவது வளைவில் கருகல் வாடை வந்தது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. பழசான ஆயிலில் ஈரம் கூடி, சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும். அப்புறம் பெடலை மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. 2 வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும் என்பது மெக்கானிக்குகள் கணக்கு.

ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018-ம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் இருந்து வந்த 7 பேர் சென்ற கார் அங்கே பள்ளத்தில் பாய்ந்தது. 2 நாள் கழித்துத்தான் விஷயமே வெளியே தெரிந்தது. 5 பேர் பிணமாகக் கிடந்தார்கள். அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அந்தப் பாதையில் இறங்கத் தடை வந்தது.

இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்காமல், சிறிய கியரில் என்ஜின் பிடியில் இறங்க வேண்டும். பழைய வண்டியைச் சோதிக்கும்போது இந்தப் பிடி கிடைக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். மலையில் 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் கிளட்ச்சும் பிரேக்கும், சமவெளியில் அதைவிட அதிகம் ஓடிய வண்டியைக் காட்டிலும் மோசமாக இருக்கலாம். மீட்டரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

அந்த மீட்டரையும் நம்ப முடியாது. லேப்டாப்பை மாட்டி எண்ணைக் குறைத்துவிடுகிற கில்லாடிகள் இருக்கிறார்கள். பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங் வழவழப்பாகிவிட்டதா, பழைய சர்வீஸ் பில்லில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும். டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விற்பனைக்கு வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் கிடந்தன என்பதை நாடே பார்த்தது. சமவெளியில் என்றால் உள்ளே வரும் பூஞ்சை வாடை காட்டிக் கொடுத்துவிடும். நம் மலையில் மூடுபனியால் எல்லா வண்டியிலும் கொஞ்சம் அந்த வாடை உண்டு. அதனால் சந்தேகம் வராது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால், அந்த வண்டி நீச்சல் அடித்த வண்டி!

"பேர் மாத்த வேண்டாம் சார்!"

கன்சல்டிங்குக்குத் திரும்பினோம். கியர் பாக்சையும் பிரேக்கையும் சொன்னதும் புரோக்கர் விலையை மடமடவென்று இறக்கினார். 7 லட்சம் 6 ஆனது. 6 லட்சம் ஐந்தரை ஆனது.

மாமா கண்ணில் மறுபடியும் ஆசை. எனக்கோ சந்தேகம் கூடியது. இவ்வளவு வேகமாக விலை இறங்கினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

"ஆர்.சி. யார் பேரிலே இருக்குதுங்க?" என்று கேட்டேன்.

"கோயமுத்தூர் பார்ட்டி. சிங்கிள் ஓனர் வண்டி. அவர் கையெழுத்துப் போட்ட பேப்பர் எல்லாம் ரெடியா இருக்கு. நீங்க பேர் மாத்தணும்னு அவசியமே இல்லை சார். அப்படியே ஓட்டுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வித்துடலாம். அந்தச் செலவு மிச்சம்தானே?"

பேப்பர்களை வாங்கிப் பார்த்தேன். பெயர் மாற்றத்துக்கான 29-ம் நம்பர் படிவமும், 30-ம் நம்பர் படிவமும். விற்பவர் இடத்தில் கையெழுத்து இருந்தது. வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. தேதி மட்டும் புது மையில் போன மாதத் தேதி.

கையெழுத்தின் மை மங்கியிருந்தது. தேதியின் மை பளிச்சென்று இருந்தது.

மெக்கானிக் டேஷ் போர்டு பெட்டியைக் குடைந்தார். பழைய சர்வீஸ் பில் ஒன்று கிடைத்தது. அதில் ஆர்.சி.யில் உள்ள அதே பெயர். பக்கத்தில் ஒரு செல் நம்பர்.

எடுத்தது மனைவி

வெளியே வந்து அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு அம்மா எடுத்தார்கள். கார் விஷயமாக சாரிடம் பேச வேண்டும் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அவர் காலமாகி ஒன்றரை வருஷம் ஆச்சுங்களே தம்பி..."

எனக்குப் பகீர் என்றது. போன மாதத் தேதி போட்டுக் கையெழுத்து இங்கே இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் ஒன்றரை வருடத்துக்கு முன்பே போய்விட்டார்!

அந்த அம்மா சொன்ன விவரம் இது. கணவருக்கு உடம்பு முடியாமல் போனபோது வைத்தியச் செலவுக்காகக் காரை விற்க நினைத்தார்கள். தெரிந்த ஒருவர் கொஞ்சம் பணம் கொடுத்து வண்டியை எடுத்துப் போனார். வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பாக்கிப் பணம் வரவே இல்லை. அவர் எங்கே என்றும் தெரியவில்லை.

"அவர் செல்லை நான்தான் வச்சிருக்கேன். இன்னமும் வண்டிக்கு அபராதம், வேகமாகப் போனதுக்கு அபராதம்னு மெசேஜ் வந்துட்டே இருக்குதுங்க. செத்துப் போனவர் எப்படிங்க தம்பி வேகமாகப் போவார்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மாமாவும் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வண்டி எத்தனை கை மாறி இந்தக் கன்சல்டிங் வாசலுக்கு வந்தது என்பது புரோக்கருக்கே தெரியுமோ, தெரியாதோ. சாவி கை மாறிக்கொண்டே இருந்தது. பேர் மட்டும் இறந்தவரை விட்டு நகரவில்லை.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

"பேர் மாறாவிட்டால் என்ன கெட்டுப் போச்சு?" என்று கேட்கிறவர்களுக்காக ஒரு உண்மை வழக்கு.

அரியானா மாநிலத்தில் ஒருவர் 2007-ல் தன் வண்டியை விற்றார். ஆர்.சி.யில் பேர் மாற்றவில்லை. வாங்கியவர் அடுத்தவருக்கு விற்றார். அவர் இன்னொருவருக்கு விற்றார். 2009 மே மாதம் அந்த வண்டி பின்னால் வந்தபோது மோதி ஒருவர் இறந்துபோனார். இன்னொருவர் காயம் அடைந்தார்.

நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யார்? வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆர்.சி. பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி சொந்தக்காரர். அவரே பொறுப்பு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் வண்டி எந்தெந்தக் கைக்குப் போனது என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது அதன் காரணம். நவீன் குமார் - விஜய் குமார் வழக்கு என்று வக்கீல்கள் இதைச் சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். 2007-ல் விற்ற வண்டி, 2018-ல் வந்து கழுத்தைப் பிடிக்கிறது!

போலீஸ் கேஸ் என்றாலும் இதே கதைதான். 2022 அக்டோபர் 23-ந்தேதி அதிகாலை கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்பு கார் வெடித்ததே, அது பல கை மாறி வந்த பழைய மாருதி 800. போலீசார் ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் போய் விசாரித்தார்கள். 2025 நவம்பர் 10-ந்தேதி டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பழைய வண்டியாகக் கை மாறியதுதான். போலீஸ் தேடிப் போனவர்களில் முதல் ஆள், பதிவில் பேர் இருந்தவர்.

விற்றவருக்கு இந்தக் கதி என்றால், வாங்கியவருக்கு? சொந்தக்காரர் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. பேர் மாற்றாமல் கார் பள்ளத்தில் விழுந்தால், தன் கார் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது கஷ்டம். கடன் பாக்கி இருந்தால் பைனான்ஸ் கம்பெனி வந்து வண்டியைத் தூக்கிப் போய்விடும். பி.எப். பணம் கோவிந்தா!

சட்டப்படி எப்படி வாங்குவது?

* 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவர் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளைக்குள் தெரிவித்துப் பேர் மாற்ற வேண்டும். வெளி மாநிலம் என்றால் விற்றவருக்கு 45 நாள் அவகாசம், என்.ஓ.சி. கட்டாயம்.

* சொந்தக்காரர் இறந்துவிட்டால் அவர் போட்டு வைத்த 29, 30 படிவங்களை வைத்து வேலை நடக்காது. வாரிசுகள் 31-ம் நம்பர் படிவத்தில், இறப்புச் சான்றோடு விண்ணப்பித்து முதலில் தங்கள் பேருக்கு மாற்ற வேண்டும்.

* ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனி பேர் இருந்தால், 35-ம் நம்பர் படிவத்தில் கடன் தீர்ந்தது என்று எழுதி வாங்க வேண்டும்.

* பேர் மாறும்போது இன்சூரன்சும் மாற வேண்டும். 14 நாளைக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

* 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் விற்கும் வியாபாரிகளும் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கிறது. சொந்தக்காரர் வண்டியை ஒப்படைத்ததும் வியாபாரி அதை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். "அங்கீகாரச் சான்று இருக்குதுங்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

* அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் எத்தனாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் உண்டா என்பது தெரியும். அபராத பாக்கியையும் பார்த்துவிடலாம். என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியிலும் ஆர்.சி.யிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

* சொந்தக் காரின் ஆர்.சி. ஆயுள் 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 12 வருடக் கார் வாங்கினால் 3 வருடத்தில் அந்தச் செலவு வாசலில் நிற்கும்.

நீலகிரிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. டி.என். 43 என்ற நீலகிரி நம்பர் வண்டிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். கீழே இருந்து வண்டி வாங்கி வருகிற உள்ளூர்க்காரர், "நான் இந்த ஊர்தான்" என்று காகிதத்தில் காட்ட வேண்டும். ஆர்.சி.யில் யாரோ ஒருவர் பேர் இருந்தால் எதைக் காட்டுவது?

எலுமிச்சம்பழம் காத்திருந்தது

கடைசியில் மாமா அந்தக் காரை வாங்கவில்லை.

அட்வான்ஸ் 10 ஆயிரத்தைத் திருப்பிக் கேட்டோம். "விவரம் தெரியாதுங்க, எனக்கும் ஒருத்தர் கொண்டாந்து விட்டதுதான்" என்று புரோக்கர் கையைப் பிசைந்தார். 5 ஆயிரம் மட்டும் திரும்பி வந்தது. "மிச்சம் டியூஷன் பீசு மாப்ளே" என்றார் மாமா.

கோவை அம்மாவிடம் மறுபடியும் பேசினேன். வண்டி நிற்கும் இடத்தைச் சொன்னேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு ஆர்.டி.ஓ. ஆபீசிலும் போலீசிலும் உடனே மனு கொடுக்கச் சொன்னேன். மகனோடு போய்க் கொடுத்திருக்கிறார்கள்.

மாமா இப்போது ஒரு கார் வைத்திருக்கிறார். ஜெர்மனி இல்லை, தோல் சீட் இல்லை. டி.என். 43 நம்பர் போட்ட 8 வருடப் பழைய செடான். விற்றவர் எதிரிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் சேர்ந்தே ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார்கள்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்றே அத்தை எலுமிச்சம்பழம் எடுத்து வந்தார். பூசை போட்டு டயருக்கு அடியில் வைக்க வேண்டும் அல்லவா?

"இரு, இன்னும் இது நம்ம வண்டி இல்லை" என்று சொல்லிவிட்டார் மாமா.

மாமா பேர் போட்ட ஆர்.சி. தபாலில் வருகிற வரை எலுமிச்சம்பழம் சாமி படத்துக்கு முன்னால் காத்திருந்தது. வாடிப்போன அதை எடுத்துவிட்டுப் புதுப் பழம் வைத்துத்தான் வண்டியை எடுத்தார்கள்!